கிழக்கெல்லை கடல்

மூன்றுபனையடிக்கு வந்து இறங்கிய அன்று கதிர்காமநாதன் வீட்டைப் பார்க்கவில்லை. வேலியைத்தான் தேடினார். அது இருக்கவில்லை.

வீடு இருந்தது. ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு குசினி, கிணறு, பதினொரு தென்னை. முன்னால் மணல், மணலுக்கு அப்பால் கடல். வீட்டுக்காரன் அன்ரன் தொண்ணூறாம் ஆண்டு பெண்சாதி பிள்ளைகளோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவன். ஏழு வருடமாக மண்டபம் முகாமில் இருக்கிறான். பூட்டின வீட்டின் திறப்பு அவனுடைய தமையன் யோசெப்பிடம் இருந்தது. யோசெப் அந்தக் கரையின் சம்மாட்டி. கரைவலை அவருடையது, அந்த வலையை விட்டு இழுக்கிற கரைத்துண்டும் அவருடையது. அதை அங்கே பாடு என்பார்கள்.

கதிர்காமநாதனும் இராசேஸ்வரியும் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலோடு இருந்தவர்கள். போன வருடம் ஷெல் விழத் தொடங்க, ஓடிப்போய் ஸ்கந்தபுரத்தில் ஒரு புளியமரத்தின் கீழ் எட்டு மாதம் தறப்பாள் கொட்டிலில் கிடந்தார்கள். கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்க அங்கே வந்த யோசெப்பின் பெண்சாதி மதலேனாவுக்கும் இராசேஸ்வரிக்கும் இடையில் முதலில் பேரமும் பிறகு சிநேகிதமும் உண்டாயிற்று. "எங்கட கொழுந்தன்ர வீடு சும்மா கிடக்குது அக்கா. ஆள் இல்லாட்டிக் கறையான் திண்டிடும்" என்று மதலேனா சொன்னதுதான் அவர்களைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தது.

"நல்ல வீடு" என்றார் இராசேஸ்வரி, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு.

கதிர்காமநாதன் முற்றத்து நடுவில் போய் நின்றார். வடக்கே பார்த்தார், மதலேனாவின் வீடு. தெற்கே கோயில் காணி, மேற்கே ஒழுங்கை. எல்லாம் ஒரே மணலாக ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கிடந்தன. ஒரு நாய் வடக்கிலிருந்து தெற்கே போனது. எந்த இடத்தில் அது அன்ரனின் காணிக்குள் வந்தது, எந்த இடத்தில் வெளியேறியது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"எங்கை முடியுது எண்டு தெரியாத இடத்தில எப்பிடிப் படுக்கிறது?" என்றார் கடைசியில்.

இராசேஸ்வரி சாமான்களை உள்ளே எடுத்தார். புளியமரத்தின் கீழும் இந்த மனுஷன் எல்லை போட்டவர் என்பது அவருக்குத் தெரியும். வயலில் ஒரு சாண் வரம்புக்காகப் பதினேழு வருடம் கோபத்தில் இருந்த பக்கத்துக் காணிக்காரர் கந்தவனமும், விதி செய்த வேலையாக, அதே தறப்பாளின் கீழ் வந்து சேர்ந்திருந்தார். கதிர்காமநாதன் நடுவில் இராசேஸ்வரியின் சேலையைக் கட்டித் தொங்கவிட்டார். எட்டு மாதமும் காலையில் எழும்பியதும் அவர் செய்த முதல் வேலை, சேலை இரவில் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று சாண் போட்டுப் பார்த்ததுதான்.

வேலி வேலை ஆடி முழுக்க நடந்தது. காட்டுப் பக்கம் போய், வேலிக்கு நடுகிற பூவரசங் கதியால் வெட்டிச் சைக்கிளில் கட்டி, பதினான்கு நடை. தென்னோலைக் கிடுகை இராசேஸ்வரி பின்னினார். வடக்கும் தெற்கும் மேற்கும் எழும்பும்வரை ஊர் அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்தது. மதலேனா மட்டும் ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அக்கா, உங்களை இப்ப பார்க்கிறதெண்டால் நான் கதிரை கொண்டு வரவேணும்" என்றாள்.

கடைசியாகக் கிழக்கு வேலி. காணி உறுதியில் கிழக்கெல்லை கடல் என்று எழுதியிருந்ததை யோசெப்பே சொல்லியிருந்தார். கதிர்காமநாதன் எழுத்தை மதிக்கிறவர். கடல் என்றால் கடல். அலை வந்து திரும்புகிற இடத்திலிருந்து பத்து அடி உள்ளே, வடக்கிருந்து தெற்காகக் கயிறு பிடித்து, ஒரு நூல் பிசகாமல் கதியால் நட்டார். அன்று பின்னேரம் வேலியின் நிழலில் கதிரையைப் போட்டு இருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு கண் சொருகியது.

மறுநாள் காலை வலை இழுத்தார்கள்.

கரைவலை இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே என்றைக்கும் ஒன்றும் இருந்ததில்லை. வடக்குக் கயிற்றில் முப்பது பேர் வந்தார்கள். கடைசி ஆள் யோசெப்பின் மருமகன் மெல்ரொன், நல்ல பாரமான உடம்பு. அவன் போய் வேலியில் முட்டி, அதிலேயே இருந்தான். மற்ற இருபத்தொன்பது பேரும் ஒருவர்பின் ஒருவராக அவன் மடியில் வந்து இருந்தார்கள்.

"மாமா, ஆரோ என்னைப் பின்னால பிடிக்கினம்" என்றான் மெல்ரொன்.

யோசெப் மணலில் நடந்து வந்தார். மெலிந்த நெடிய மனிதர். வேலியின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை பார்த்தார்.

"இது என்ன, கமக்கார ஐயா?"

"வேலி."

"அது தெரியுது. கடலுக்கோ, உங்களுக்கோ?"

"எல்லைக்கு" என்றார் கதிர்காமநாதன். "வேலி இல்லாத வளவில நான் ஒரு நாளும் இருந்ததில்லை, சம்மாட்டியார்."

"பாட்டுக்குக் குறுக்கால வேலியை நானும் ஒரு நாளும் கண்டதில்லை."

இருவரும் அதற்கு மேல் பேசவில்லை. இரண்டு பேருமே அதிகம் பேசாதவர்கள். அதனால் அந்தச் சண்டை மற்றச் சண்டைகளைவிட அதிக நேரம் பிடித்தது. முப்பது பேர் கயிற்றைப் பிடித்தபடி இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கயிற்றை வளைத்து வேலிக்கு வெளியே சுற்றிக்கொண்டு போனார்கள். அன்று வலையின் மடியில் வந்தது இரண்டு ஓலைக் கடகம் சூடை மீனும் ஒரு பழஞ்செருப்பும்.

அந்தக் கிழமையே கிராம சேவையாளர் இளையதம்பி சைக்கிளில் வந்தார். ஊரில் அவருக்கு விதானையார் என்றுதான் பெயர். ஒரு கடதாசியை நீட்டினார். இடம்பெயர்ந்து வந்தவர்கள் பிறர் காணியில் இருப்பதற்கான பதிவு. காணியின் நான்கு எல்லையும் எழுதி, ஒவ்வொரு எல்லைக்காரரும் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வைக்க வேண்டும்.

"ஐப்பசி ஆறாந் திகதி, திங்கட்கிழமை வருவன். நாலும் இருந்தால் நிவாரண அட்டையை இஞ்சை மாத்தலாம். மூண்டு மாசத்துக்குத்தான் தற்காலிகமாத் தந்தது. ஒண்டு குறைஞ்சாலும் அரிசியும் மாவும் ஸ்கந்தபுரத்திலதான். திரும்பப் போகவேண்டி வரும்."

ஐப்பசி என்றால் மாரி தொடங்குகிற காலம். இராசேஸ்வரி புளியமரத்தை நினைத்தார். தறப்பாளின் ஓட்டைகளை நினைத்தார். சேலைக்கு அந்தப் பக்கம் கந்தவனம் இருமுவதை நினைத்தார். "எப்பாடு பட்டும் நாலையும் எடுத்திடுவம் விதானையார்" என்றார்.

வடக்கெல்லை மதலேனாவின் சீதனக் காணி. அவள் உடனே வைத்தாள். தெற்குக்குக் கோயில் சார்பில் பாதர் வைத்தார். மேற்கு ஒழுங்கை என்பதால் விதானையாரே வைத்தார்.

"கிழக்கு கடல். கடலுக்கு ஆர் வைக்கிறது?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

"அந்தக் கரை யோசெப்பற்ற பாடு. அவர் வைக்கவேணும்."

யோசெப் வைக்கவில்லை.

"வேலியைப் புடுங்கட்டும், வைக்கிறன்" என்று மதலேனாவிடம் சொல்லி அனுப்பினார். "கையெழுத்தை வைக்கட்டும், பிறகு கதைப்பம்" என்று கதிர்காமநாதன் இராசேஸ்வரியிடம் சொல்லி அனுப்பினார். பெண்கள் இருவரும் வடக்கு வேலியில் சந்தித்து, கொண்டுவந்த சொற்களை மாற்றிக்கொண்டு, பிறகு மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கதைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"இஞ்சருங்கோ" என்றார் இராசேஸ்வரி ஒருநாள். "ஒரு படலை வையுங்கோ. படலை வைச்சால் உங்களுக்கு வேலியும் இருக்கும், அவையளுக்கு வழியும் இருக்கும்."

கதிர்காமநாதன் யோசித்தார். அவருடைய யோசனை வழக்கமாக ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் எடுக்கும். இது இரண்டு நாள் எடுத்தது. படலை என்பது வேலியை விட்டுக்கொடுப்பதல்ல, வேலி இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி என்று தீர்மானித்தார். இரண்டு பனங்குற்றிகளை ஒரு ஆள் ஆழம் தோண்டி நட்டு, ஏழடி அகலத்தில் திறந்து சாத்துகிற படலை போட்டார்.

அடுத்த நாளிலிருந்து புதுக் கரைச்சல் தொடங்கியது. வலை இழுக்கிற நாளெல்லாம் முப்பது பேர் படலையால் வளவுக்குள் வந்தார்கள். பின்பக்கமாக வந்தார்கள். படலையால் வருகிறவரை வாங்கோ என்று சொல்லாமல் விடுவது இராசேஸ்வரியின் பரம்பரையில் இல்லை. முதலில் மெல்ரொனின் முதுகு வந்தது. "வாங்கோ" என்றார். "ஓம் அக்கா" என்றது முதுகு. அடுத்த முதுகு வந்தது. "வாங்கோ." கயிறு உள்ளே வர வர முப்பது முதுகுகளுக்கும் வாங்கோ சொல்லி முடித்தார். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட முடியுமா? சீனி இல்லை; பனங்கட்டித் துண்டோடு கொடுத்தார். அவர்கள் கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையைப் பின்னால் நீட்டி வாங்கிக் குடித்தார்கள்.

"மூண்டு கிழமையா வருகினம்" என்றார் கதிர்காமநாதன், கதிரையில் இருந்தபடி. "ஒருத்தற்ற முகமும் எனக்குத் தெரியாது."

"முதுகைப் பார்த்து நான் பேர் சொல்லுவன்" என்றார் இராசேஸ்வரி.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வலை இழுக்கிறபோது கை கொடுத்தவர் யாராக இருந்தாலும் மீனில் பங்கு உண்டு. தேத்தண்ணி கொடுத்த கையும் கைதான் என்று மதலேனா தீர்ப்புச் சொன்னாள். முதல் பங்கு வெள்ளிக்கிழமை வந்தது.

"ஐயோ மதலேனா, இண்டைக்கு எங்களுக்கு விரதம்."

"எங்களுக்கும் விரதம்தான் அக்கா. இறைச்சிதான் இல்லை, அதுதானே மீன்."

இராசேஸ்வரி சிரித்துக்கொண்டே மீனை உப்பில் போட்டு வைத்தார். வேலியும் நாளடைவில் சும்மா நிற்கவில்லை. மெல்ரொன் அதில் வலை காயப் போட்டான். மதலேனா கருவாடு தொங்கவிட்டாள். பின்னேரங்களில் வேலி நிழலில் ஆட்கள் வந்திருந்து கிழிந்த வலை பொத்தினார்கள். ஊரில் நிழல் விழுகிற ஒரே கரை அதுதான். தனியாக இருப்பதற்குக் கட்டிய வேலியில் ஊரே வந்து சாய்ந்திருப்பதைக் கதிர்காமநாதன் வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் யோசெப் மட்டும் இல்லை.

புரட்டாதித் தொடக்கத்தில், கடலோரமாக நடந்துவந்த யோசெப் வேலியருகே நின்றார். ஒரு கதியாலைத் தொட்டுப் பார்த்தார். அதன் தலையில் மூன்று இளம் இலைகள் விட்டிருந்தன. அடுத்ததைப் பார்த்தார். அதிலும் இருந்தது.

"துளிர்க்குது" என்றார்.

"பூவரசு. உவர் நிலத்துக்கு நல்லது" என்றார் கதிர்காமநாதன், கொஞ்சம் பெருமையாக.

யோசெப் இலையைக் கிள்ளவில்லை. கையை எடுத்தார். "வீட்டை இருக்கத்தான் தந்தது. வேர் விட இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதிர்காமநாதனுக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. விளங்கும் முன்பே வேறொரு வில்லங்கம் வந்து சேர்ந்தது. காற்று வாடைக்குத் திரும்பியது. கரை தேயத் தொடங்கியது. ஆடியில் அகன்று கிடக்கிற மணல் மாரியில் சுருங்கும் என்பது மூன்றுபனையடியில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். கதிர்காமநாதனுக்குத் தெரியாது. அவர் அறிந்தவரையில் நிலம் தானாக அசைவதில்லை; யாராவது எல்லையை அரக்கினால்தான் உண்டு.

ஒருநாள் காலை கிழக்கு வேலியில் நாலு கதியால் சாய்ந்து கிடந்தன. எடுத்து அதே இடத்தில் நட்டார். மறுநாள் ஆறு. நட்டார். அதற்கடுத்த நாள், விட்டுக்கொடுத்த சாண் திரும்பி வராது என்ற அனுபவத்தில், அரை அடி கடற்பக்கமாகத் தள்ளி நட்டார். கடல் பதினொன்றைச் சாய்த்தது.

"கந்தவனம் எண்டாலும் நான் நித்திரையா இருக்கேக்கைதான் அரக்குவான்" என்றார் இராசேஸ்வரியிடம். "இது பட்டப்பகலில, நான் பார்த்துக்கொண்டு நிக்க அரக்குது."

"கந்தவனத்தாரோட பதினேழு வருசம் கதைக்காமல் இருந்தியள். இதோடயும் கதைக்காமல் இருங்கோவன்."

அவர் கதைக்காமல்தான் இருந்தார். ஆனால் எழுதினார். விதானையார் இடையில் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தபோது, முழுநீளக் கடதாசியில் எழுதிய முறைப்பாட்டைக் கொடுத்தார். இளையதம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கிழக்கெல்லையில் உள்ளவர் கடந்த இரண்டு கிழமையாக அத்துமீறி உட்புகுந்து கதியால்களைச் சேதப்படுத்தி, சொல்லியும் கேளாமல், இதுவரை ஐந்தரை அடி நிலத்தை அபகரித்துள்ளார்.

"எதிராளியின்ர பேர் எழுதேல்லை" என்றார்.

"கிழக்கெல்லைதானே. கடல்."

இளையதம்பி முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர். சிரிப்பதற்கு முன் படிவத்தை நிரப்பிப் பழகியவர். பேனையை எடுத்தார். "இடம்பெயர்ந்து வந்தவரோ, நிரந்தரவாசியோ?"

கதிர்காமநாதன் கடலைப் பார்த்தார். கேள்வி நியாயமானதாகத்தான் பட்டது. "நிரந்தரவாசி" என்றார், மனமில்லாமல்.

"அப்ப ஐயா, சட்டப்படி அவருக்குத்தான் முதல் உரிமை." பேனையை மூடிப் பையில் வைத்தார். பிறகு சிரிக்காமலே சொன்னார்: "இதை நான் வாங்கேல்லை எண்டு வைப்பம். நீங்கள் கையெழுத்தை எடுங்கோ. பத்து நாள்தான் இருக்கு."

அதில் எட்டு நாள் போயிற்று. யோசெப் வரவில்லை, கதிர்காமநாதன் போகவில்லை. இராசேஸ்வரி இரண்டு உரப்பையில் சாமான்களை அடுக்கத் தொடங்கினார். அடுக்கும்போது சட்டிகளை வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

ஐப்பசி நாலாந் திகதி சனிக்கிழமை. அந்த வருடத்தின் கடைசி வலை அதுதான். ஞாயிறு ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. அதற்குப் பிறகு கடல் விடாது. விடியலிலேயே மெல்ரொன் ஓடி வந்து சொல்லிவிட்டுப் போனான்: "அக்கா, சாளை. கரும்படையாக் கிடக்குது. தேத்தண்ணியைக் கூட வையுங்கோ."

வலை பாரமாக வந்தது. இழுக்க இழுக்க நீரோட்டமும் பலத்தது. கதிர்காமநாதன் வேலியின் உள்ளே நின்று இடுக்கால் பார்த்தார். கயிறு வழக்கமாகப் படலைக்கு நேராக வரும். இன்று நீரோட்டம் வலையை வடக்கே கொண்டுபோனது. படலையிலிருந்து இருபது அடி தள்ளி, கதியால்கள் நெருக்கமாக நிற்கிற இடத்தை நோக்கி முப்பது முதுகுகள் வந்துகொண்டிருந்தன.

மெல்ரொன் வேலியில் முட்டி நின்றான். வரிசை நின்றது. கயிறு கம்பிபோல் விறைத்தது. பின்வாங்க இடமில்லை. கயிற்றை விட்டால் மடி திரும்பும். அந்த வருடத்தின் கடைசி மீன் போகும், வலையும் கடலடிக் கற்பாரில் மாட்டிக் கிழியும்.

யோசெப் ஓடி வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் கதிர்காமநாதன், அந்தப் பக்கம் அவர். கிடுகின் ஓட்டையால் ஒருவருடைய ஒரு கண் மற்றவருக்குத் தெரிந்தது. மெல்ரொன் பல்லைக் கடித்தபடி, "மாமா, புடுங்கட்டோ?" என்றான்.

"கை வையாத" என்றார் யோசெப். "அது அந்தாளின்ர."

அந்தச் சொல்லைக் கேட்டுக் கதிர்காமநாதன் அசையாமல் நின்றார். முப்பது பேரின் மூச்சு வேலிக்கு அப்பால் கேட்டது. குசினி வாசலில் இராசேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு நின்றார். அவருடைய முகத்தில் ஒரு புளியமரம் இருந்தது.

கதிர்காமநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் கதியாலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். அது வேரோடு வந்தது. வெள்ளை வேர், விரல் நீளம். அடுத்தது. அடுத்தது. ஒன்பது கதியால் பிடுங்கி எறிந்தார். மெல்ரொன் உள்ளே வந்தான். "வாங்கோ" என்றார் இராசேஸ்வரி, பழக்கதோஷத்தில்.

ஆள் பலம் போதவில்லை. கதிர்காமநாதனும் கயிற்றைப் பிடித்தார். ஆனால் அவருக்கு இழுவை என்றால் மாடு இழுப்பதுதான். கயிற்றைத் தோளில் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்தபடி குனிந்து நடந்தார். முப்பது பேர் கடலைப் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் நிலத்தைப் பார்த்தார்.

"ஐயா, மற்றப் பக்கம் திரும்புங்கோ" என்றான் மெல்ரொன், அவருடைய முதுகோடு முதுகு உரசியபடி.

"நீ உன்ர பக்கத்தைப் பார். எனக்குத் தெரிஞ்சது இந்தப் பக்கம்."

அது நல்லதாகப் போயிற்று. அவர்கள் இதுவரை படலைக்கு நேரே உள்ள பாதையில் மட்டும் வந்தவர்கள். இந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. பத்து அடி பின்னால் கிணறு இருந்தது, கட்டு இடிந்த கிணறு. "இடக்கைப் பக்கம்" என்றார் கதிர்காமநாதன். "இன்னும். கிணறு கிடக்குது. இப்ப நேர. தென்னை, வலக்கைப் பக்கம் வாங்கோ. சரி. மெல்ல. குசினிப்படி." வாய்க்காலில் தண்ணீரைத் திருப்புவதுபோல முப்பது பேரைத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோனார். கயிறு கிணற்றைச் சுற்றி, தென்னைகளுக்கு ஊடாக, வீட்டைத் தாண்டி, மேற்கு வேலிவரை போனது. மெல்ரொன் அந்த வேலியிலும் முட்டினான்.

"இதையும் புடுங்குவமோ ஐயா?"

"வாயை மூடிக்கொண்டு இழு."

மடி கரைக்கு வந்தபோது ஊர் முழுவதும் மணலில் நின்றது. சாளை வெள்ளி வெள்ளியாகத் துள்ளியது. மெல்ரொன் கடகங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டான்.

கூட்டம் குறைந்த பிறகு யோசெப்பும் கதிர்காமநாதனும் மீன் குவியலின் இரு பக்கமும் குந்தியிருந்து சின்னது பெரியது பிரித்தார்கள். கதிர்காமநாதனின் தோளில் கயிறு உரித்திருந்தது.

"அந்த வேலி எனக்கில்லை, சம்மாட்டியார்" என்றார் கதிர்காமநாதன், மீனைப் பார்த்தபடி.

யோசெப் நிமிர்ந்தார்.

"உங்கட தம்பிக்கு. ஆளில்லாத காணி எல்லை இல்லாமல் கிடந்தால் நாலு பக்கத்தாலயும் உருகிப் போகும். திரும்பி வந்து பார்க்க மிச்சம் இராது." இரண்டு சாளையை எடுத்துப் பெரிய பக்கம் போட்டார். "கிளிநொச்சியில என்ர மூண்டு ஏக்கருக்கும் இப்ப ஆர் வரம்பு கட்டுகினம்? நான் ஒருத்தன்ர காணிக்குக் கட்டினால், என்ர காணிக்கும் எவனாவது கட்டுவான் எண்டு ஒரு நினைப்பு. வேறொண்டுமில்லை."

யோசெப் ஒரு மீனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே எந்தப் பக்கம் என்று தெரிந்த மீன்.

"அவன் றோட்டால வரமாட்டான்" என்றார் மெதுவாக. "போனது வள்ளத்தில. வந்தாலும் கடலாலதான் வருவான். நீங்கள் கடற்பக்கத்தை அடைச்சுப் போட்டியள்."

கதிர்காமநாதனுக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பி வேலியைப் பார்த்தார். பிடுங்கிய இடம் வாய்போலத் திறந்து கிடந்தது. அதற்குத் தெற்கே, பனங்குற்றிகளுக்கு நடுவே, படலை.

"படலை இருக்குத்தானே" என்றார்.

யோசெப்பும் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஏதோ இளகியது. "அவன்ர வள்ளத்தைப் படலைக்கு நேர பிடிக்கச் சொல்லுறியளோ?"

"முப்பது பேர் பின்பக்கமா வருகினம். ஒரு வள்ளம் வராதோ?"

யோசெப் சிரித்தார். அவர் சிரித்து அந்த ஊர் பார்த்து வெகுநாள். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மதலேனா கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கிழக்கு வேலியை நான் திரும்ப அடைக்கமாட்டன்" என்றார் கதிர்காமநாதன். அதைச் சொல்ல அவருக்கு வெற்றிலை ஒன்று தேவைப்பட்டது; இருக்கவில்லை. "மற்ற மூண்டும் நிக்கட்டும். படலையும் நிக்கட்டும்."

"கடுதாசியைக் கொண்டாங்கோ."

இராசேஸ்வரி அதை ஏற்கெனவே முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். யோசெப் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். சரியாகத் துடைபடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதினார்.

திங்கட்கிழமை இளையதம்பி வந்து நான்கு கையெழுத்தையும் சரிபார்த்தார். நான்காவதில் நின்றார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாளைச் செதிள் ஒட்டிக் காய்ந்து மினுங்கியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"எதிராளியும் வைச்சிட்டாரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் கதிர்காமநாதன். "சமாதானம்."

இராசேஸ்வரி உரப்பைகளை அவிழ்த்துச் சட்டிகளைத் திரும்ப அடுக்கினார். இந்த முறை சத்தம் வரவில்லை. அட்டை கார்த்திகையில் மாறியது.

அதற்குள் மாரி வந்துவிட்டது. கிழக்கில் மிச்சமிருந்த கதியால்களைக் கடல் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனது. கதிர்காமநாதன் கதிரையில் இருந்து பார்த்தார், எழும்பவில்லை. ஆள் ஆழத்தில் நட்ட பனங்குற்றிகள் இரண்டும் அசையவில்லை. படலை மட்டும் வேலி இல்லாமல், இரு பக்கமும் வெறும் மணலாக, கடலைப் பார்த்தபடி நின்றது. அதன் இரு பக்கத்தாலும் யாரும் போகலாம். ஆனாலும் வலை பொத்த வருகிறவர்கள் படலையைத் திறந்துதான் வந்தார்கள்.

ஒருநாள் பின்னேரம், மழை விட்டிருந்த நேரம், இராசேஸ்வரி குசினியில் அடுப்பைப் பார்த்தபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வெளியே படலை கிறீச்சிட்டது.

"வாங்கோ" என்றார் திரும்பாமல்.

பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தார். ஒரு நீள அலை படலையைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்து, கிணற்றடிவரை மெல்லப் பரவி, கதிர்காமநாதனின் கதிரைக் காலை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு காலையும் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஆர் வந்தது?"

கதிர்காமநாதன் நுரை வடிந்து திரும்புவதைப் பார்த்தார். படலை பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

"கிழக்கு வீட்டுக்காரர்" என்றார். "நிக்க நேரமில்லையாம். முகத்தைக் காட்டிப்போட்டுப் போறார்."